மீள்கரைவா, மிகைக்கரைவா?

நண்பர்களே,

அயனிச் சோதனைகளுக்கான (கரைசலில் எந்த அயனி இருக்கிறது என்று கண்டறியும் சோதனைகள்) தமிழ்ச் சொற்பட்டியலில் இன்னும் இழுபறியாகக் கிடப்பது இது ஒன்றுதான். உப்புக் கரைசலில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது முதலில் வீழ்படிவு, அதாவது கரையாத திண்மம், வருகிறது. அதே காரத்தை மேலும் விட்டால் வந்த வீழ்படிவு கரைந்துபோகிறது. இதற்கு ஒரே சொல்லாக என்ன வைப்பது? இழையில் இதுவரை வந்தவை:

> மீள்கரைவு
> ஈரியல்புக் கரைவு
> மிகைக்கரைவு

என் வாக்கு மூன்றாவதற்கு.

"மீள்கரைவு" காதுக்கு இதமான சொல்தான். ஆனால் அது நடக்காத ஒன்றைச் சொல்கிறது. சோதனைக் குழாயில் கொஞ்சம் காப்பர் சல்பேட் கரைசல் எடுத்து அம்மோனியாக் கரைசலை விட்டுப் பாருங்கள். முதல் சில சொட்டுகளில் வெளிர்நீல வீழ்படிவு கலங்கலாக இறங்கும். இன்னும் விட்டுக் குலுக்கினால் கலங்கல் மறைந்து குழாய் முழுக்க மை கொட்டியதுபோல் அடர்நீலமாகிவிடும். கரைசல் பழைய நிலைக்கு மீண்டிருந்தால் பழைய இளநீலம் அல்லவா வந்திருக்க வேண்டும்? வந்திருப்பது காப்பரைச் சுற்றி நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் அமர்ந்த அணைவு அயனி. புதுச் சரக்கு.

சிங்க் உப்பில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. தொடக்கத்திலும் நிறமில்லை, முடிவிலும் நிறமில்லை. அதனால்தான் "மீண்டுவிட்டது" என்று தோன்றுகிறது. உண்மையில் சோடியம் ஹைட்ராக்சைடு மிகையானதும் சிங்க், சிங்கேட் என்ற வேறொரு கரையும் அயனியாகக் கரைசலுக்குள் போயிருக்கிறது. ஐயமிருந்தால் அதில் நீர்த்த அமிலத்தை மெதுவாக விடுங்கள்: வெள்ளை வீழ்படிவு மறுபடி தலைகாட்டும், பிறகு அமிலம் கூடக்கூட அதுவும் கரையும். தொடக்கத்தில் இருந்த சிங்க் சல்பேட் கரைசலில் அதே அமிலத்தை விட்டால் ஒன்றுமே நடக்காது.

"ஈரியல்புக் கரைவு" என்பதில் வேறொரு சிக்கல். அலுமினியம், சிங்க், லெட் ஹைட்ராக்சைடுகள் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைவதற்குக் காரணம் ஈரியல்புதான் (அமிலம், காரம் இரண்டோடும் வினைபுரியும் தன்மை), மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன காப்பர் கதை ஈரியல்பால் வந்ததல்ல. சுண்ணாம்பு நீர் கதையும் அப்படியே. கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் கால்சியம் கார்பனேட்டால் பால்போலாகிறது. தொடர்ந்து செலுத்தினால் கால்சியம் பைகார்பனேட்டாகித் தெளிகிறது. சூடாக்கினால் மறுபடி கலங்கும். பார்வைக்கு மூன்றும் ஒரே நிகழ்வு. காரணங்கள் வேறு வேறு. செய்முறைக் குறிப்பேட்டில் இந்தச் சொல் உட்காரப்போவது உற்றுநோக்கல் பத்தியில். அங்கே கண்டதை எழுத வேண்டும். ஏன் என்பதற்குப் பக்கத்துப் பத்தி இருக்கிறது. மிகையாகச் சேர்த்தேன், கரைந்தது என்பதோடு "மிகைக்கரைவு" நின்றுகொள்கிறது. அந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்தது.

அதிதெவிட்டிய கரைசலோடு (கரையக்கூடிய அளவுக்கும் மேலாகக் கரைபொருள் கரைந்திருக்கும் கரைசல்) குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே மிகையாவது கரைபொருள், இங்கே மிகையாவது நாம் விடும் வினைபொருள். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும் வாய்ப்பு அரிது; "தெவிட்டிய" என்ற சொல் இல்லாதவரை குழப்பம் வராது.

ஆனால் எல்லையைக் கறாராக வைத்துக்கொள்வோம். சில்வர் குளோரைடு வெள்ளை வீழ்படிவு அம்மோனியாவில் கரைவது மிகைக்கரைவு ஆகாது. வீழ்படிவைத் தந்தது சில்வர் நைட்ரேட், கரைப்பது இன்னொன்று. அங்கே "அம்மோனியாவில் கரைகிறது" என்று எழுதினாலே போதும். தந்ததே கரைத்தால் மட்டும் மிகைக்கரைவு.

எதிர்மறை வடிவமும் வேண்டும். அலுமினியம் சோடியம் ஹைட்ராக்சைடில் மிகைக்கரைவு காட்டும், அம்மோனியாவில் காட்டாது. சிங்க் இரண்டிலும் காட்டும். மெக்னீசியம் இரண்டிலும் காட்டாது. மூன்றும் வெள்ளை வீழ்படிவுகள் என்பதால் இந்தக் காட்டும்-காட்டாது கணக்கை வைத்தே பிரித்தறிகிறோம். "மிகைக்கரைவு இல்லை" என்று எழுதலாம், தனிச்சொல் தேவையில்லை. காரத்தை ஒரேயடியாகக் கொட்டினால் வீழ்படிவு வந்ததே தெரியாமல் "மாற்றம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். ஆகவே விளக்கக் குறிப்பில் "சொட்டுச் சொட்டாக" கட்டாயம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் இந்தச் சொல் தீர்த்துவைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சல்பர் டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைக் கலங்கடிக்கும், மிகையானால் தெளியவும் வைக்கும். அதைப் பிரிக்க அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட் தாள்தான் வேண்டும்: ஆரஞ்சு பச்சையாகும்.

இதே பட்டியலில் இன்னொரு இடம் உறுத்துகிறது. "தெளிந்த", "நிறமற்ற" இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம். மேலே சொன்ன அடர்நீலக் கரைசல் தெளிந்தது, ஆனால் நிறமற்றதல்ல. போதாக்குறைக்கு ஓரிடத்தில் "வெள்ளைக் கரைசல்" வேறு இருக்கிறது. அது நிறமற்றதா, கலங்கலா? இரண்டும் எதிரெதிர் முடிவுகளைத் தரும். வெள்ளை என்பதை வீழ்படிவுக்கும் திண்மத்துக்கும் மட்டும் ஒதுக்கிவிடலாம்.

ஆக்சிஜன் சோதனைக்குத் "தணற்குச்சி", ஹைட்ரஜனுக்கு "எரிகுச்சி" என்று வந்த முன்மொழிவுக்கு முழுச் சம்மதம். ஒன்று தணலாக இருந்து பற்றிக்கொள்ள வேண்டும், மற்றது சுடரோடு போய் "பப்" என்ற ஒலி தர வேண்டும். ஒரே "தீக்குச்சி"யில் இரண்டையும் அடைப்பது சரியில்லை.

நீர்ச் சோதனை என்ற தலைப்பை "நீர் இருப்புச் சோதனை" என்று மாற்றிவிடுங்கள். நீரற்ற காப்பர் சல்பேட் நீலமாவதும் கோபால்ட் குளோரைடு தாள் இளஞ்சிவப்பாவதும் நீர் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உப்பு நீரும் அதே நிறத்தைத் தரும். தூய நீரா என்று பார்க்கக் கொதிநிலை ஒரு வழி, 1 வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸ். அந்த வரி வேறு தலைப்பின் கீழ் போகட்டும்.