‘நம்ம குடும்பம்’ வாட்ஸ்அப் குழு, 2024 ஏப்ரல் 17

பெரியப்பா (மாலை 6:20): “வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடும் அனைவரும் அறிய! பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் ‘சேலஞ்ச் ஓட்டு’ கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்களா? ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல்! அதிகம் பகிருங்கள்!!”

வேளச்சேரி அக்கா: அப்பாடா! இங்கே பட்டியலில் என் பெயரைக் காணோம் என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தேன். ஆதாரோடு போய்விடுகிறேன்.

டீச்சர் அத்தை: போகாதே கண்ணு. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எதைக் காட்டினாலும் ஓட்டு கிடையாது. 49ஏ என்பது ஓட்டு இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி!

பெரியப்பா: அப்போ சேலஞ்ச் ஓட்டு என்று ஒன்று இல்லவே இல்லையா?

டீச்சர் அத்தை: இருக்கிறது அண்ணா, ஆனால் தலைகீழாக. ஓட்டுப் போட வந்தவரைப் பார்த்து “இவர் அந்த ஆள் இல்லை” என்று கட்சி ஏஜென்ட் ஆட்சேபிப்பதுதான் சேலஞ்ச். அதற்கு அந்த ஏஜென்ட் 2 ரூபாய் கட்ட வேண்டும்.

மதுரை மாமா: 1961இல் போட்ட விதி. விலைவாசி அங்கே மட்டும் ஏறவில்லை. டெண்டர் ஓட்டு நிஜம்தானே? சினிமாவிலேயே வந்ததே.

டீச்சர் அத்தை: அது நிஜம். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற இரண்டும் எடுபடுகின்றன. இயந்திரத்தில் இல்லை, தாள் சீட்டில் போட வேண்டும். தனி உறையில் ஒட்டி வைப்போம், எண்ணிக்கையில் சேராது, கோர்ட் கேட்டால்தான் திறப்பார்கள். சாவடிக்கு 20 சீட்டுதான் தருகிறார்கள். ஆயிரம் ஓட்டுள்ள சாவடியில் 14 சதவீதம் என்றால் 140. அப்படி ஒரு கணக்கு எந்த விதியிலும் இல்லை.

நான்: 2019 தேர்தலிலும் இதே செய்தி சுற்றியது. 10, 15 என்று போட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். 14 என்றதும் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தது போல் ஆகிவிடுகிறது.

பெரியப்பா: எனக்கு அனுப்பியவர் ரிட்டயர்டு தாசில்தார்.

நான்: அவருக்கு யார் அனுப்பியது? மேலே இரட்டை அம்புக்குறி பாருங்கள், பல கை மாறி வந்திருக்கிறது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியில் அடித்தே கொன்றார்களே, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக்கூட. அந்த வருஷம்தான் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தார்கள். இரட்டை அம்பு விழுந்தால், 2020 முதல் ஒவ்வொன்றாகத்தான் போகும்.

பெரியப்பா: அதனால்தான் ஒவ்வொரு குழுவாக உட்கார்ந்து அனுப்பினேன். அரை மணி நேரம் ஆயிற்று.

மதுரை மாமா: மச்சான்!!

பெரியப்பா: சிரிக்காதீர்கள். டிவியை நம்பச் சொல்கிறீர்களா? கட்சிக்கொரு சேனல். 1999இல் ஜெயா டிவி, 2007இல் கலைஞர் டிவி, 2010இல் கேப்டன் டிவி. ஒரே கூட்டம்தான், ஒன்றில் மக்கள் வெள்ளம், இன்னொன்றில் காலி நாற்காலி. தெரிந்தவர் அனுப்புவதைத்தான் நம்ப முடிகிறது.

மதுரை மாமா: அதுவும் நியாயம்தான். இன்று 6 மணியோடு பிரசாரம் ஓய்ந்தது என்கிறார்கள். அந்த 48 மணி நேரத் தடை டிவிக்கு உண்டு, பேப்பருக்கு இல்லை. முன் அனுமதி வாங்கினால் ஓட்டு நாளன்றே முதல் பக்கம் முழுக்க விளம்பரம் போடலாம்.

டீச்சர் அத்தை: விளம்பரம் என்றால் கொடுத்தது எந்தக் கட்சி என்றாவது தெரியும்ங்க. இதில் யார் பெயர் இருக்கிறது? போன தடவை என் சாவடியில் ஒருவர் இந்த 49ஏ-வைச் சொல்லி விடாமல் சண்டை போட்டார். வெளியே வெயிலில் வரிசை. “எல்லாம் பேசி வைத்துச் செய்கிறீர்கள்” என்று கத்திவிட்டுப் போனார். அவருக்கு ஓட்டு எப்படியும் இல்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

வேளச்சேரி அக்கா: இப்போ நான் என்ன செய்ய, அத்தை?

டீச்சர் அத்தை: பழைய தாம்பரம் முகவரியில் தேடு. இல்லையென்றால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போடு.

வேளச்சேரி அக்கா (7:05): கிடைத்துவிட்டது! தாம்பரம் பட்டியலில்தான் இருக்கிறேன். காலையில் முதல் ரயில்.

நான்: பெரியப்பா, அனுப்பிய குழுக்களில் ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுத்துவிடுங்கள்.

பெரியப்பா: பென்ஷனர் குழுவில் இருபது பேர் நன்றி சொல்லிவிட்டார்களே. இப்போது எப்படி நீக்குவது?

டீச்சர் அத்தை: சரியானதை நானே எழுதித் தருகிறேன் அண்ணா. அதையும் அதே குழுக்களில் போடுங்கள்.

பெரியப்பா: போடுகிறேன். ஆனால் அந்த 14 சதவீதத்தை எடுத்துவிட்டால் யார் படிப்பார்கள்?