செக்யுலர் எவல்யூஷன்: ஊழிமாற்றமா, பையமாற்றமா?

> ‘இன்டரேக்‌ஷன்’ என்பதற்குத் தமிழில் இடைவினை. பேரடைகளின் (கேலக்ஸிகளின்) ‘செக்யுலர் எவல்யூஷன்’ என்பதற்கு ஊழிமாற்றம் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா,

இடைவினை சரி. இரண்டு பேரடைகள் நெருங்கும்போது ஒன்றின் ஈர்ப்பு மற்றதன் அருகுப் பக்கத்தைக் கூடுதலாகவும் தொலைவுப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. கடலில் ஓதம் எழுவதும் இதே கணக்கில்தான். 1972-இல் டூம்ரே சகோதரர்கள் என்ற ஆய்வாளர்கள் இதைக் கணினியில் போட்டுப் பார்த்து, ஆன்டெனா பேரடைகள் என்ற மோதும் இணையின் நீண்ட வால்கள் ஓதவிசையால் வந்தவை என்று காட்டினார்கள். ‘ஓதவால்’ என்ற சொல்லையும் இப்போதே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

சிக்கல் செக்யுலரில். பேரடை வெளித்தொல்லை இல்லாமல் தனக்குள்ளேயே மெல்ல மாறுவதைக் குறிக்கும் சொல் இது. மொழிபெயர்ப்புப் பொறி ஒன்று எனக்கு ‘மதச்சார்பற்ற பரிணாமம்’ என்று தந்தது. பேரடைகள் இதற்குமுன் எந்த மதத்தில் இருந்தனவோ! உங்கள் ஊழி அதைவிட எவ்வளவோ மேல். லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் தலைமுறை, யுகம் என்றுதான் பொருள். ஆனால் ஊழி என்றதும் நமக்கு ஊழித்தீயும் ஊழிக்கூத்தும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது நேர் எதிர். பேரடையின் நடுப்பட்டை (மையத்தின் குறுக்கே நீளும் விண்மீன் பட்டை) வளிமத்தின் கோண உந்தத்தைப் பறிக்க, வளிமம் சிறிது சிறிதாக மையத்துக்கு இறங்கி அங்கே விண்மீன்களாகிறது.

‘நெடுங்கால மாற்றம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு பேரடைகள் மோதி இணையவே நூறு கோடி ஆண்டு ஆகலாம், அதுவும் நெடுங்காலம்தானே? ஆண்டுக்கணக்கைவிட, பேரடை ஒருமுறை சுழல ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் மெதுவா என்பதே கேள்வி. சூரியன் பால்வழியை ஒருமுறை சுற்றவே 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அப்படிப் பல சுற்றுகளில் மெல்ல மெல்ல நடப்பது இது. அதனால் என் பரிந்துரை ‘பையமாற்றம்’; பைய என்றால் மெல்ல. காய்கறிப் பை நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். குறளிலேயே ஒருத்தி பைய நகுகிறாள், பழகிவிடும்.

அப்புறம், அருகில் துணை இல்லாத ‘ஐசொலேட்டட் கேலக்ஸி’க்கு ‘ஒதுங்கிய பேரடை’ வேண்டாம். ஒதுங்குவது என்றால் தானாக விலகிப்போனதுபோல் ஆகிறது. ‘தனித்த பேரடை’ போதும். 1973-இல் வானியலாளர் கரச்சென்ட்சேவா தொகுத்த பட்டியலில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு. அவர் வைத்த அளவுகோல் கறாரானது: ஏறக்குறைய ஒத்த அளவுள்ள எந்த அண்டைப் பேரடையும் தன் குறுக்களவைப்போல் 20 மடங்குத் தொலைவுக்குள் இருக்கக்கூடாது. 25 கிலோபார்செக் (சுமார் 80,000 ஒளியாண்டு) அகலமுள்ள அண்டைவீட்டார் வினாடிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் அந்த இடைவெளியைக் கடக்க 300 கோடி ஆண்டுக்கு மேலாகும். வெளித்தொல்லை இல்லாத பையமாற்றத்தைப் பார்க்க வேறு நல்ல இடம் ஏது? இவை பெரும்பாலும் சுருள் பேரடைகள்; மையப் புடைப்பும் (நடுவில் விண்மீன்கள் திரண்டு உப்பிய பகுதி) சிறியது.

அந்தப் புடைப்புக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. மோதலில் பிறந்ததைப் புடைப்பு என்றும், பையமாற்றத்தில் பேரடையின் தட்டையான வட்டிலிருந்தே வளர்ந்ததைப் ‘போலிப்புடைப்பு’ என்றும் முன்பு எழுதினேன். இப்போது போலி என்பது ஏதோ மோசடிபோல் ஒலிக்கிறது. ‘வட்டுப்புடைப்பு’ என்று மாற்றலாமா?