எலி ஈரலில் கிடைத்த ஹெபாசிவைரஸ் கான்டிக்: ‘புதிய வைரஸ்’ என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி

வணக்கம். காட்டில் பிடித்த 40 கொறிவிலங்குகளின் ஈரலை எட்டெட்டாகக் கலந்து 5 பூல் ஆக்கி, ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கி, இலுமினா வரிசையறி கருவியில் 2×150 (துண்டின் இரு முனையிலும் 150 எழுத்து) ஓட்டியாயிற்று. கிடைத்த குறுந்துண்டுகளை (ரீட்) மெகாஹிட் மென்பொருளில் சேர்த்து, டயமண்ட் என்ற புரத ஒப்பீட்டு மென்பொருளில் தேடியதில் 3-ஆம் பூலில் 2,900 எழுத்து நீளக் கான்டிக் (ரீட்களை ஒட்டிக் கிடைத்த தொடர்) ஒன்று: ஹெபாசிவைரஸின் (ஹெபடைடிஸ் சி வைரஸ் சேர்ந்த பேரினம்) என்எஸ்5ஏ புரதத்தின் கடைசிப் பகுதியும், பாலிமரேஸான என்எஸ்5பியும். மிக நெருங்கிய உறவோடு அமினோ அமில ஒற்றுமை 61%. 3-ஆம் பூலில் 9,600 ரீட் பொருந்துகின்றன, 4-ஆம் பூலில் 6. இரண்டு பூலையும் பாசிட்டிவ் என்று எடுக்கலாமா? புதிய இனம் என்று எழுதலாமா?

பதில் 1

4-ஆம் பூலை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். 9,600-க்கு 6 என்றால் 0.06%. ஒரே ஓட்டத்தில் போன லைப்ரரிகளுக்குள் (ஓட்டத்துக்குத் தயாரித்த மாதிரிகள்) இண்டெக்ஸ் (எந்த மாதிரி என்று காட்டும் குறி வரிசை) தாவினாலே இவ்வளவு வந்துவிடும். அதிகபட்ச எண்ணிக்கையில் 0.1%-க்குக் கீழே உள்ளதைக் கழித்துவிடுவது பலரும் பின்பற்றும் வழக்கம். அடுத்த முறை இரு முனையிலும் வேறெந்த லைப்ரரியும் பகிராத இண்டெக்ஸ் போடுங்கள். தொல்லை பெருமளவு குறையும்.

3-ஆம் பூலில் சராசரி ஆழம் (ஒரே இடத்தைப் படித்த ரீட்களின் எண்ணிக்கை) சுமார் 500 மடங்கு வருகிறது, நல்லதுதான். ஆனால் சராசரியை நம்பாமல், ரீட்களைக் கான்டிக்கின் மேல் திரும்பப் பொருத்தி முனைக்கு முனை பாருங்கள். நடுவில் ஆழம் திடீரென்று சரிந்தால் இரண்டு வைரஸ்களின் துண்டுகள் ஒட்டிப்போயிருக்கலாம். எட்டு விலங்குகளைக் கலந்த பூலில் இது அடிக்கடி நேரும். புரதமாக மாறும் சட்டகம் முழுக்க நிறுத்தக் குறி இல்லாமல் ஓடுகிறதா, பாலிமரேஸில் ஜிடிடி என்ற அமினோ அமில அடையாளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இனம் பிரிக்க டயமண்டின் 61% போதாது. அது பொருந்திய துண்டுக்கு மட்டுமான கணக்கு. விலகிய பகுதிகளை விட்டுவிடும். ஹெபாசிவைரஸுக்கான வரம்பு, ஹெபடைடிஸ் சி எண்வரிசைப்படி, என்எஸ்3 புரதத்தின் 1123–1566 பகுதியில் 0.25-க்கு மேலும், என்எஸ்5பியில் 2536–2959 பகுதியில் 0.3-க்கு மேலும் அமினோ அமில வேறுபாடு. இரண்டும் வேண்டும். உங்களிடம் என்எஸ்3 இல்லை. ஆகவே முதல் வேலை மீதி ஜீனோம். ஹெபாசிவைரஸ்களில் சுமார் 9 முதல் 10 ஆயிரம் எழுத்து வரும்.

பதில் 2

அதற்கு முன்பே பூலைப் பிரித்தாக வேண்டும். கான்டிக்கிலிருந்து 300–400 எழுத்துத் துண்டுக்கு ப்ரைமர் (பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைத்து, எட்டு ஈரலிலிருந்தும் தனித்தனியாகப் புதிதாக ஆர்என்ஏ எடுத்து ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் சோதனை) செய்யுங்கள். 4-ஆம் பூலின் எட்டையும் சேர்த்து. கூடவே வெற்று மாதிரி ஒன்று, அதாவது திசு இல்லாமல் பிரித்தெடுப்பு முதல் கடைசிவரை எல்லாப் படியும் கடந்த குழாய். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். மனிதரிடம் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட ஒரு பார்வோ வகை வைரஸ் உண்மையில் மாதிரியைப் பிரித்தெடுக்கும் சிலிக்கா வடிகுழாயிலிருந்து (column) வந்தது என்று 2013-இல் தெரியவந்தது. 2006-இல் புராஸ்டேட் புற்றுநோயில் கண்டதாகச் சொன்ன எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸோ, புற்றுக் கட்டியை ஆய்வக எலிகளில் வளர்த்தபோது எலி ஜீனோமில் ஏற்கெனவே இருந்த இரண்டு வைரஸ்கள் கலந்து பிறந்தது.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் நொதி) சேர்க்காமல் அதே மாதிரியின் டிஎன்ஏவிலும் பிசிஆர் ஓட்டுங்கள். அங்கே பட்டை வந்தால், எலியின் ஜீனோமில் பதிந்த பழைய துண்டு அல்லது கலப்படம் என்றே சந்தேகிக்க வேண்டும்.

பாசிட்டிவ் ஆன விலங்கின் இனத்தைச் சைட்டோகுரோம் பி ஜீனால் உறுதிசெய்யுங்கள். முழு நீளம் 1,140 எழுத்து. வால் நீளத்தையும் நிறத்தையும் மட்டும் வைத்து எழுதிய இனப்பெயர் தவறிப்போவது கொறிவிலங்குகளில் சர்வசாதாரணம். ஓம்புயிரே தவறென்றால் கட்டுரையில் மிச்சம் என்ன?

கேள்வி கேட்டவர்

நன்றி. ஒரு சிக்கல்: சில ஈரல்களைத் துண்டாக்காமல் முழுதாகவே ஆர்என்ஏலேட்டரில் (ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் திரவம்) போட்டிருக்கிறோம். அவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில் 3

ஓரத்திலிருந்து மட்டும் வெட்டி எடுங்கள். திரவம் மெதுவாகத்தான் ஊறும்; நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆர்என்ஏ சிதைந்துவிடும். ஏதாவது ஒரு பக்கம் 0.5 செ.மீ.க்குள் இருக்கும்படி வெட்டி, திசுவைப்போல் 5 முதல் 10 மடங்கு திரவத்தில் போட்டு, 4 டிகிரியில் ஓர் இரவு ஊறவிட்ட பிறகே உறைய வைக்க வேண்டும். முதலிலேயே உறைய வைத்தால் ஊறுவதற்கே வாய்ப்பில்லை.

லைப்ரரிக்குப் பாலி-ஏ தேர்வு முறைக்கு (கடைசியில் ஏ எழுத்து வால் உள்ள ஆர்என்ஏவை மட்டும் பிடிப்பது) போகாதது சரியான முடிவு. ஹெபாசிவைரஸ், கொறிவிலங்குகளில் வரும் ஹான்டாவைரஸ், அரீனாவைரஸ் எதற்கும் பாலி-ஏ வால் கிடையாது; பெரும்பகுதி அங்கேயே கழுவிப் போய்விடும்.

அடுத்த முறை விலங்கு பிடிக்கும்போது, பொறியைத் திறப்பவர் என்95 முகமூடியோடு, திறந்தவெளியில், காற்று தன் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நிற்கட்டும். காய்ந்த சிறுநீர், புழுக்கைத் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் ஹான்டாவைரஸ் பெரும்பாலும் தொற்றும். அழுக்குப் பொறியைக் கிருமிநாசினியால் நனைக்காமல் தேய்க்கக் கூடாது.

எழுதும்போது ஒன்று: ‘மனிதருக்குத் தொற்றக்கூடும்’ என்ற வரியைச் சேர்க்காதீர்கள். உங்களிடம் இருக்கும் தரவு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.