டிராகன்ஸ் டாக்மா 2: என் பழைய பதிவுக்குப் புதுப்பிப்பு, கோபம் பாதி தணிந்தது
இந்த வீடியோ கேமைப் பத்து மணி நேரம் ஆடிவிட்டு, "2012-இல் வந்த முதல் பாகமே மேல்" என்று இங்கே புலம்பியிருந்தேன். இப்போது அறுபது மணி நேரம் தாண்டியாயிற்று.

ஒரே நேரத்தில் பொருத்திக்கொள்ளக்கூடிய ஆயுதத் திறன்கள் நான்குதான் என்பது இன்னமும் உறுத்துகிறது. முதல் பாகத்தில் ஸ்ட்ரைடர் என்ற வீரர் வகைக்குக் கத்திக்கு மூன்று, வில்லுக்கு மூன்று என ஆறு இருந்தன. எதிரிகளும் அதே காப்ளின் (குட்டிப் பூதம்), அதே ஓநாய்.

ஆனால் நேற்று ஒரு கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட பறக்கும் மிருகம்) முதுகில் தொற்றிக்கொண்டேன். சட்டென்று பறந்து, நான் பார்த்தேயிராத மலையில் கொண்டுபோய்ப் போட்டது. கூடவே வந்து சண்டை போடும், கேமே இயக்கும் துணையாட்கள் எல்லாம் கீழே. இருட்டில் விளக்கோடு தனியாக இறங்கினேன். இந்தத் தொடர் ஏன் பிடித்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம், வரவழைத்த துணையாளின் கண் சிவந்திருந்தால், விடுதியில் தூங்கும் முன் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை. இரவில் அந்தத் துணையாள் எல்லோரையும் கொன்றுவிட்டது, ஊரே காலி.