மறு: ஹெபடைடிஸ் சி துண்டறிக்கை – ஆபத்துக் காரணியா, இடர்க்கூறா?

அன்புள்ள அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். ஆங்கில 'ரிஸ்க் ஃபேக்டர்' என்பதற்குத் துண்டறிக்கையில் 'ஆபத்துக் காரணி'க்குப் பதில் 'இடர்க்கூறு' என்று எழுதலாம் என்ற யோசனைக்கு அண்ணாச்சி கேட்ட கேள்வி:

> 'ஆபத்துக் காரணி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பழகிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

பழகிய சொல்தான், அண்ணாச்சி. சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு பற்றி எழுதும்போது அது எனக்கும் பெரிதாக உறுத்தவில்லை. ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் நோயில் உறுத்துகிறது. பாளையங்கோட்டைப் பக்கம் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் வீட்டாருக்காக எழுதும் துண்டறிக்கை இது. 'காரணி' என்று அச்சிட்டால் அவர்கள் 'காரணம்' என்றுதான் படிப்பார்கள். "அப்போ இவிய என்ன செஞ்சாவ?" என்ற கேள்வி உடனே எழும். துண்டறிக்கையின் 'ஆபத்துக் காரணி'ப் பட்டியலில் டயாலிசிஸ், ரத்தம் ஏற்றுதல், போதை ஊசி எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. நோயாளியின் மேல் இல்லாத பழியைச் சுமத்த அந்த ஒரு சொல் போதும்.

பொருளும் பிசகுகிறது. எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள் வரை அங்கே ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரியாகக் கிருமி நீக்காத கண்ணாடி சிரிஞ்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி பரவிவிட்டது. வைரஸை அடையாளம் கண்டதே 1989-ல்தான் என்பதால், பரவுவது அப்போது யாருக்கும் தெரியவில்லை. பிற்பாடு கணக்கெடுத்தபோது வயது ஏற ஏறத் தொற்றும் கூடுதலாக இருந்தது. அந்தக் கணக்கில் முதிய வயது ஓர் 'ஆபத்துக் காரணி'. வயதா வைரஸைக் கொண்டுவந்தது? கொண்டுவந்தது சிரிஞ்சு. அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட தலைமுறை யார் என்பதைத்தான் வயது காட்டுகிறது.

ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். வைரஸ் ரத்தத்துக்குள் நுழையும் பாதைக்குத் 'தொற்றுவழி'. எவரிடையே தொற்று கூடுதலாகக் காணப்படுகிறது என்று காட்டும் அடையாளத்துக்கு 'இடர்க்கூறு'. டயாலிசிஸில் கழிந்த ஆண்டுகள் இடர்க்கூறு. இயந்திரத்திலோ கையுறையிலோ ஒட்டியிருந்து அடுத்தவருக்குப் போகும் ரத்தம் தொற்றுவழி. கோயில் கொடையில் பச்சை குத்திக்கொண்டது இடர்க்கூறு. முந்தைய ஆளுக்குக் குத்திய அதே ஊசி தொற்றுவழி. இப்படிப் பிரித்து எழுதினால், எதை மாற்ற வேண்டும் என்பது படிப்பவருக்குத் தானாகப் புரியும். பச்சை குத்துகிறவரிடம் "புது ஊசி போடுங்க" என்று கேட்பார்.

'கூறு' என்றால் துண்டு என்ற பொருள் வராதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 'சாத்தியக்கூறு' என்று நாள்தோறும் சொல்கிறோமே! நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற சாயல் அங்கே 'கூறு'க்கு வந்துவிட்டது. நமக்கு வேண்டியதும் அந்தச் சாயல்தான். தாய்க்குத் தொற்று இருந்தால் நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு வருகிறது, மற்றவர்களுக்கு வருவதில்லை. அதைக் 'காரணி' என்று கர்ப்பிணியிடம் நீட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. 'ஆபத்து' என்பதை விட 'இடர்' பதற்றம் குறைந்த சொல். பேரிடர் மேலாண்மை வந்த பிறகு அது எல்லோருக்கும் பழகியும் விட்டது.

பதற்றத்தைக் குறைப்பது இங்கே முக்கியம். இந்த நோய் பல ஆண்டுகள் மஞ்சள் காமாலை கூடக் காட்டாமல் கல்லீரலைச் சிதைக்கும். பரிசோதனைக்கு வந்தால்தான் தெரியும். தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பழிக்கு அஞ்சி ஒருவர் வராமல் இருந்துவிட்டால் இத்தனையும் அவருக்குப் பயன்படாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது என்பதைத் தொற்றுவழிப் பத்தியின் முதல் வரியிலேயே போட்டுவிடலாம்.

ஆய்வுகளில் வரும் 'பாப்புலேஷன்' என்பதற்கு 'மக்கள்தொகை' என்று எழுதுவது பற்றிச் சுருக்கமாக: அது தலைக்கணக்கைக் குறிக்கிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கூட்டத்துக்கு 'மக்கள்திரள்' என்ற அண்ணாச்சியின் சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது.

நோய் வரும் வாய்ப்பை இரு கூட்டங்களிடையே ஒப்பிடும் புள்ளியியல் அளவான 'ஆட்ஸ் ரேஷியோ'வுக்குச் 'சாதக விகிதம்' என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். நோய் வருவதைச் சாதகம் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. வேறு சொல் வைத்திருப்பவர்கள் தனி இழை தொடங்குங்கள். துண்டறிக்கைக்கு அந்தச் சொல் தேவைப்படாது.