மறு: ஹெல்த் கம்யூனிகேஷன் இன்டர்ன்ஷிப் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

குழும நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நாலு நாளா எல்லா மடலையும் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன், பதில் எழுத நேரம் கிடைக்கல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கொஞ்சம் நீளமாவே வரும், பொறுமையா படிங்க.

மேரிலாண்ட்ல இருக்கிற தம்பி கேட்டது ஒரே ஒரு வரிதான். அங்க பெத்தெஸ்டாவுல இருக்கிற நேஷனல் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோட ஹெல்த் கம்யூனிகேஷன்ஸ் இன்டர்ன்ஷிப் பத்தி தமிழ்ச்சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதணும், பிள்ளைங்க மட்டுமில்ல அவங்க அப்பா அம்மாவும் படிச்சுப் புரிஞ்சுக்கணும், தலைப்புல என்ன போடறதுன்னு கேட்டிருந்தார். அவரே ஒண்ணு எழுதியும் காட்டினார்.

> புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பட்டதாரிகளுக்கான சுகாதாரத் தகவல் தொடர்பு உள்ளகப் பயிற்சி

இதுல தப்புன்னு சொல்ல ஒரு சொல்லும் இல்ல, அகராதியில எல்லாமே இருக்கு. ஆனா இதை எங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ்னு நினைப்பாங்க. அதனால சொல்லுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்தப் பிள்ளைங்க அங்க போயி என்னதான் வேலை பாக்கறாங்கன்னு பாத்துடலாம், ஏன்னா இதுவரைக்கும் வந்த மடல்ல யாரும் அதைத் தொடவே இல்ல.

அந்த இன்ஸ்டிட்யூட் 1937ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, அமெரிக்க அரசாங்கத்தோடது. 1971ல நிக்சன் கையெழுத்துப் போட்ட புற்றுநோய்ச் சட்டம் வந்த பிறகு, ஆராய்ச்சி பண்ணா மட்டும் போதாது, கண்டுபிடிச்சதை மக்கள்கிட்டயும் டாக்டர்கள்கிட்டயும் கொண்டுபோய்ச் சேக்கணுங்கிறதும் அதோட வேலையாச்சு. அப்பிடித்தான் 1970கள்லயே ஒரு இலவச போன் சேவை வந்துச்சு. யார் வேணா கூப்பிட்டு, எங்க அப்பாவுக்கு இப்படிச் சொல்லியிருக்காங்க, இதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கலாம், அந்தப் பக்கம் இருக்கிறவங்க பொறுமையா பதில் சொல்வாங்க. அப்புறம், புற்றுநோய் ஒவ்வொண்ணுக்கும் அங்க சுருக்கக் குறிப்பு வச்சிருக்காங்க, அதை ரெண்டு விதமா எழுதுறாங்க, டாக்டருக்கு ஒண்ணு நோயாளிக்கு ஒண்ணு. விஷயம் ஒண்ணுதான், பாஷை வேற வேற. 2003லேர்ந்து நாடு முழுக்க ஒரு சர்வேயும் எடுத்துட்டு வர்றாங்க, மக்கள் உடம்பு பத்தின விஷயத்தை எங்க போய்த் தேடுறாங்க, யாரை நம்புறாங்க, எது புரியல, இதெல்லாம்தான் கேள்வி.

இந்த மாதிரி வேலைக்குள்ளதான் இன்டர்ன் பிள்ளைங்களை விடறாங்க. குறிப்பிட்ட காலத்துக்குத்தான், உதவித்தொகை உண்டு. வெள்ளைக் கோட்டும் கிடையாது, மைக்ரோஸ்கோப்பும் கிடையாது. நோயாளிக்குப் போற ஒரு பக்கத்தை எழுதறது, எழுதினதை ஜனங்ககிட்ட காட்டிப் புரியுதான்னு பாக்கறது, புரியலன்னா திருத்தறது, அறிவியல் செய்தியை சாதாரண ஆள் படிக்கிற மாதிரி எழுதறது, இதுதான் வேலை. அந்த அம்மா அப்பாவுக்கு முதல்ல வர்ற சந்தேகமும் இதுதானே, டாக்டருக்குப் படிக்காத நம்ம பொண்ணு கேன்சர் ஆராய்ச்சி நடக்கிற இடத்துல போயி என்ன பண்ணுவான்னு. தலைப்பு அந்தக் கேள்விக்கு பதில் சொல்லணும்.

இந்த வேலை ஏன் முக்கியம்னு எனக்குத் தெரியும். நோயாளிகளுக்கான துண்டறிக்கை மொழிபெயர்க்கிறதுதான் எனக்கு வேலை, 11 வருஷமா பண்றேன். ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரிக்கு, பேர் வேணாம், மார்பகப் புற்றுநோய் பத்தி ஒண்ணு பண்ணிக் கொடுத்தேன். அதுல ஒரு வாக்கியம் வரும், "திசுப் பரிசோதனையின் முடிவு நேர்மறையாக இருந்தால் அடுத்தகட்ட சிகிச்சையை மருத்துவர் தீர்மானிப்பார்". பாசிட்டிவ்னா நேர்மறை, எல்லாரும் அப்படித்தான் எழுதுறோம். அச்சாகி வந்ததும் பாக்கலாம்னு போயிருந்தேன், வெளிநோயாளி பிரிவு பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, உசிலம்பட்டி பக்கம், அறுபது வயசு இருக்கும், மடியில மஞ்சப் பை, அதுக்குள்ள ரிப்போர்ட்டு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் படிச்சாங்க. அந்த வரி வந்ததும் நிறுத்திட்டு என்னைப் பாத்து சிரிச்சாங்க. "நேர்மறைன்னா நல்லதுதானம்மா, டிவியில சொல்றாங்கள்ல, எல்லாத்தையும் நேர்மறையா நினைங்கன்னு. எனக்கு பாசிட்டிவ்னு தான் வந்துருக்காம், நர்ஸம்மா சொன்னாங்க." எனக்கு வார்த்தையே வரல. உள்ள போய் நர்ஸைக் கூட்டிட்டு வந்தேன், அவங்கதான் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. அந்த அம்மா முகத்துல இருந்த சிரிப்பு போனதை நான் பாத்தேன், அது நான் எழுதின ஒரு சொல்லால வந்த சிரிப்பு. அன்னைலேர்ந்து 'நேர்மறை'ங்கிற சொல்லை நான் நோயாளிக்கு எழுதுறதே இல்ல, "புற்று இருக்குன்னு தெரியவந்தா"ன்னு நேராவே எழுதிடறேன். 'நோய் முன்னேற்றம்'னு எழுதறதையும் விட்டுட்டேன், நம்ம ஊர்ல "உடல்நிலையில் முன்னேற்றம்"னா குணமாகுதுன்னு அர்த்தம், நோய் முத்துதுன்னு யாருக்கும் தோணாது. ரேடியேஷனுக்கு 'கதிர்வீச்சு சிகிச்சை'ன்னு போட்டுட்டு, பக்கத்துலயே "கரண்ட் வைக்கிறதுன்னு சொல்வாங்களே அதுதான், ஆனா இதுல மின்சாரம் உடம்புல பாயாது"ன்னு ஒரு வரி சேக்கறேன்.

இப்ப 'தகவல் தொடர்பு'க்கு வர்றேன். எனக்கு இதுல ரெண்டு சங்கடம். ஒண்ணு, தமிழ்நாட்டுல தகவல் தொடர்புன்னா டெலிபோன், சாட்டிலைட், கம்ப்யூட்டர் இதான் ஞாபகம் வருது. ரெண்டாவது அதைவிடப் பெருசு. தகவல்னு ஒரு சொல்லை முன்னாடி வச்சுட்டோம்னா, நம்மகிட்ட தகவல் இருக்கு, அந்தப் பக்கம் அனுப்பிவிட்டோம், வேலை முடிஞ்சுதுன்னு ஆயிடுது. அந்த உசிலம்பட்டி அம்மாவுக்கு தகவல் போய்ச் சேர்ந்துச்சு, எழுத்துப்பிழை கூட இல்லாம போய்ச் சேர்ந்துச்சு. அது அவங்களுக்கு விளங்கறதுதான் நடக்கல. அதனால யாழ்ப்பாணத்து அக்கா முதல் நாளே சொன்னதுக்குத்தான் என் ஓட்டு.

> தொடர்பாடல் எண்டு ஒரு நல்ல சொல் எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில எத்தினையோ வருசமாக் கிடக்கு, அதை ஏன் ஒருத்தரும் எடுக்கிறியள் இல்லை

சரியான கேள்வி. உரையாடல், சொல்லாடல், ஊடாடல், இதுல எல்லாம் அந்த 'ஆடல்' வந்தாலே ரெண்டு பக்கமும் ஆள் இருக்காங்கன்னு அர்த்தம், ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் கேட்டு திரும்பச் சொல்ற வேலை. போன்ல கூப்பிட்டுக் கேக்கறவங்களும், சர்வேயில பதில் சொல்றவங்களும், துண்டறிக்கையைப் படிச்சுட்டு "புரியல"ன்னு சொல்றவங்களும் அந்தச் சொல்லுக்குள்ளயே வந்துடறாங்க. பெரியவர் ஐயா 'தொடர்பியல்'னு சொல்லியிருந்தார், அது படிப்புக்கான பேர், சென்னைப் பல்கலைக்கழகத்துல துறைப் பேரே இதழியல் மற்றும் தொடர்பியல்தான். பட்டம் பத்திப் பேசும்போது தொடர்பியல், பாக்கற வேலையைச் சொல்லும்போது தொடர்பாடல், இப்படிப் பிரிச்சு வச்சுக்கிட்டா ஐயாவுக்கும் சம்மதமா இருக்கும்னு நினைக்கிறேன்.

ஹெல்த்துக்கு 'சுகாதாரம்' வேணாம்னு எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தோணுது. ஈழத்துல அது முழு ஆரோக்கியத்தையும் குறிக்குது, சுகாதார அமைச்சுன்னுதான் சொல்றாங்க, அது சரி. இங்க "சுகாதாரமில்லை"ன்னா குப்பை, சாக்கடை, கொசு. புற்றுநோய் வந்தவங்ககிட்ட சுகாதாரம்னு பேசினா, நாம சுத்தமா இல்லாததாலதான் வந்துச்சோன்னு நினைக்கிற ஆளுங்க இருக்காங்க, ஏற்கெனவே தொட்டா ஒட்டிக்கும்னு தனித்தட்டு வைக்கிற வீடெல்லாம் இருக்கு. வெறும் 'நலம்' போட்டா நலத்திட்ட உதவி, சமூக நலத்துறைன்னு வேற பக்கம் போயிடும். 'உடல்நலம்'னா மனசு வெளியில நிக்குது, கேன்சர்ல மனசை வெளியில நிறுத்த முடியாது. மிச்சம் இருக்கிறது நல்வாழ்வு. மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைன்னு தமிழ்நாட்டு அரசுத் துறைக்கே பேர் அதுதான், ஜனங்க கண்ணுல பழகின சொல். நல்வாழ்வு இங்கேர்ந்து, தொடர்பாடல் அங்கேர்ந்து, ரெண்டையும் சேத்தா நல்வாழ்வுத் தொடர்பாடல்.

அடுத்து 'பட்டதாரி'. இதுல தம்பி கொஞ்சம் கவனமா இருக்கணும். அமெரிக்காவுல கிராஜுவேட் ஸ்டூடன்ட்னா பட்டம் வாங்கிட்டு மேற்கொண்டு மாஸ்டர்ஸோ பிஎச்டியோ படிச்சுக்கிட்டு இருக்கிறவங்க. நம்ம ஊர்ல பட்டதாரின்னா டிகிரி முடிச்சவங்க, அவ்வளவுதான். இலங்கையில பட்டதாரிப் பயிலுனர்னாலே அரசாங்கம் வேலையில்லாத பட்டதாரிகளை எடுக்கிற திட்டம்தான் ஞாபகம் வரும். அதனால 'முதுநிலை மாணவர்'னு போட்டுட்டு, இப்பத்தான் படிச்சு முடிச்சவங்களும் உண்டுன்னு கட்டுரைக்குள்ள எழுதிடுங்க.

நிறுவனம்னா பாதிப்பேருக்கு கம்பெனி, 'தேசியப் புற்றுநோய் நிறுவகம்'னு போட்டுடலாம். இதுக்கு மேல அதுல பேச ஒண்ணுமில்ல.

இன்டர்ன்ஷிப்தான் பெரிய சண்டை. அக்கா சொன்னது இது.

> டொக்டர்மார் படிச்சு முடிச்சு ஆஸ்பத்திரியில நிக்கிற காலத்தை உள்ளகப் பயிற்சி எண்டுதான் சொல்லுறது, பேப்பரிலயும் அப்பிடித்தான் வரும், இனி ஏன் புதுசா ஒண்டு

அக்கா, மருத்துவத்துல உள்ளகப் பயிற்சி அப்படியே இருக்கட்டும், அதை யாரும் அசைக்க வேணாம். இன்டர்ன்ங்கிற சொல்லே பிரெஞ்சுக்காரங்க ஆஸ்பத்திரிக்குள்ளயே தங்கிப் பழகுற மருத்துவ மாணவரைச் சொன்னதுதான், நம்ம ஊர்ல ஹவுஸ் சர்ஜன்னு சொன்னதும் அதே மாதிரிதான், அங்க 'உள்' பொருந்துது. ஆனா துண்டறிக்கை எழுதுற பொண்ணு எதுக்குள்ள தங்குறா? அந்தத் தங்குற அர்த்தத்தை இங்கிலீஷ்காரங்களே எப்பவோ மறந்துட்டாங்க, நாம ஏன் தூக்கிச் சுமக்கணும். உங்க பக்கத்துலயே இண்டோர் ஸ்டேடியத்துக்கு உள்ளக விளையாட்டரங்கு, இன்டர்னல் ஆடிட்டுக்கு உள்ளகக் கணக்காய்வுன்னு வேற வேற அர்த்தத்துல அது ஓடுது. உள்ளகப் பயிற்சின்னா ஆபீஸ் தன் ஊழியருக்குத் தானே கொடுக்கிற ட்ரெய்னிங்னுதான் இங்க படிக்கிறாங்க.

தொழில் பழகுநர்னு ஒருத்தர் சொன்னீங்க, அது 1961 சட்டத்து அப்ரன்டிஸ், ஐடிஐ பசங்க நினைவுக்கு வருவாங்க, மரியாதையான சொல்தான், ஆனா வேற ஆளோட சொல்.

நான் சொல்றது பயில்பணி. பயில், பணி, ரெண்டே சொல், நடுவுல எதுவும் வேணாம். ஊறுகாய், குடிநீர் மாதிரி வினைத்தொகை. பயின்ற பணி, பயில்கின்ற பணி, பயிலும் பணி, மூணு காலமும் உள்ள ஒளிஞ்சிருக்கு. பயிற்சிங்கிற சொல்ல முதன்மையாக்கினா அவங்க வகுப்புல உக்காந்து கத்துக்கிறாங்கன்னு ஆயிடும், உண்மையில அவங்க எழுதறது நெஜமான நோயாளி கைக்குப் போகுது, அதனால முதன்மைச் சொல் பணியாத்தான் இருக்கணும். செய்யறவர் பயில்பணியாளர். 'பயிற்பணி'ன்னு எழுதணும்னு ஒரு மடல் வந்துச்சு, இல்லீங்க, வினைத்தொகையில லகரம் திரியாது, கொல்களிறுன்னுதான் சொல்றோம், கொற்களிறுன்னு சொல்றதில்ல.

ஆக, "தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் முதுநிலை மாணவர்க்கு நல்வாழ்வுத் தொடர்பாடல் பயில்பணி".

இதை இங்கயே கைதூக்கி முடிவு பண்ணிடாதீங்க. அந்த இன்ஸ்டிட்யூட் இந்த வேலைக்குன்னு ஒரு கையேடு போட்டிருக்கு, அட்டை ரோஸ் கலர்ங்கிறதால பிங்க் புக்னே பேர், அதுல எழுதினதை வெளிய விடறதுக்கு முன்னாடி அது யாருக்குப் போகுதோ அவங்ககிட்டயே காட்டிப் பாக்கணும்னு ஒரு முழுக் கட்டமே வச்சிருக்காங்க. அதனால நேத்து சாயங்காலம் நானும் ஒரு தாள்ல அந்தத் தலைப்பை மட்டும் எழுதி மூணு பேர்கிட்ட காட்டினேன். கீழ் வீட்டு காலேஜ் பொண்ணு பயில்பணியைப் பாத்ததும் "படிச்சுக்கிட்டே வேலை பாக்கறதா அக்கா, இன்டர்ன்ஷிப் மாதிரியா"ன்னு கேட்டுச்சு, நான் வாயைத் திறக்கவே இல்ல. ஜெராக்ஸ் கடைக்காரர் பயில்பணியை ட்ரெய்னிங்னு சொன்னார், நல்வாழ்வுத் தொடர்பாடலை கவர்மென்ட் ஆபீஸ் பேர்னு நினைச்சார். எங்க அம்மா தொடர்பாடல்ல நின்னுட்டாங்க, "தொடர்பு தெரியும், ஆடல் என்னத்துக்கு"ன்னாங்க. நோயாளிக்கு விளங்குற மாதிரி எடுத்துச் சொல்லி அவங்க சொல்றதையும் கேக்கறதுன்னு சொன்னதும், "அதையே எழுதிட வேண்டியதுதானே"ன்னாங்க.

அது நியாயம்தான். அதனால தம்பி, தலைப்புக்குக் கீழ அம்மா எழுதச் சொன்ன அந்த வரியை அப்படியே சின்ன எழுத்துல போட்டுடுங்க. அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அங்க இங்கிலீஷ் அதிகம் புழங்காத ஒரு அம்மா அப்பாகிட்டயாவது படிக்கக் கொடுங்க, எங்க நிக்கறாங்கன்னு மட்டும் கவனிங்க, நீங்க விளக்கம் சொல்ல வேணாம். அக்கா, நீங்களும் அங்க ரெண்டு பேரிட்ட பயில்பணியைக் காட்டி என்ன சொல்றாங்கன்னு எழுதுங்க. யாருக்குமே பிடிபடலன்னா நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், உள்ளகப் பயிற்சியே போட்டுக்கலாம். நேர்மறைக்கு யார்கிட்டயாவது இதைவிட நல்ல சொல் இருந்தா அதையும் தனி மடலா ஆரம்பிங்க, அடுத்த வாரம் கருப்பைவாய்ப் புற்றுநோய் துண்டறிக்கை ஒண்ணு என் மேசைக்கு வருது.