மரத்தடியில் எந்த ஃபெர்ன் தாக்குப்பிடிக்கும்?

மண்வெட்டி: பெரிய மரத்தடி. காலையில் ஒரு மணி நேரம் வெயில், மற்றபடி நிழல்தான். தினமும் தண்ணீர் தெளித்தும் மெய்டன்ஹேர் ஃபெர்ன் ஓரம் சுருண்டு கருகுகிறது. அங்கே வேறு எந்த வகை வைக்கலாம்? தொட்டியில் உள்ள இன்னொரு ஃபெர்னின் இலையடியில் பழுப்புப் புள்ளிகள். மருந்து அடிக்கலாமா?

இலைமட்கு: நிழல் இருந்தும் அங்கே ஈரம் நிற்காது, மரத்தின் வேர் உறிஞ்சிவிடும். தெளிக்கிற தண்ணீர் மேல்மண்ணோடு சரி. மெய்டன்ஹேரின் வேர் ஒரு தடவை நன்றாகக் காய்ந்தாலே இலை போய்விடும். கருகியதை அடியோடு வெட்டி, தொட்டிக்கு மாற்றி ஈரம் காத்தால் பெரும்பாலும் மறுபடி தளிர்க்கும்.

பனி உறையும் ஊர் என்றால் மரத்தடிக்கு டிரையாப்டெரிஸ் ஃபிலிக்ஸ்-மாஸ். வேரூன்றிய பிறகு வறண்ட நிழலையும் தாங்கும். வெப்பமான ஊருக்கு நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியா. அதன் வேரில் கோலிக்குண்டு அளவில் கிழங்குகள் இருக்கும், நீரைச் சேமித்து வைப்பவை அவைதான்.

தடித்த வேர்களை வெட்டாமல், இடைவெளி பார்த்துக் குழி எடுங்கள். தோண்டிய மண்ணில் பாதியளவு இலைமட்கு கலக்கவும். செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. சுருள் குருத்துகள் கிளம்பும் நடுப்பகுதி மண்மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: அது புதைந்தால் அழுகும். காய்ந்த இலை மூடாக்கு 5 செ.மீ. போதும், குருத்தை மூடாமல். முதல் வருடம் தினசரித் தெளிப்பை விட்டுவிட்டு, மண்ணை விரல் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் செடிக்கு 4, 5 லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள்.

பச்சைச்சுருள்: புள்ளிகள் நரம்பின் இருபுறமும் வரிசை பிசகாமல் இருந்தால் அவை வித்துப்பைகள், ஃபெர்ன் இனம் பெருக்கும் பாகம். ஒன்றும் செய்ய வேண்டாம். கண்டபடி, காம்பிலும் ஒட்டியிருந்து, இலை பிசுபிசுத்தால் செதில் பூச்சி. ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். பூச்சி அதிகம் பிடித்த இலையை வெட்டிவிடலாம். எண்ணெய்க் கரைசலும் சோப்பும் ஃபெர்ன் இலையைச் சுட்டுவிடும், அடிப்பதாக இருந்தால் ஒரே இலையில் முதலில் பார்க்கவும்.

கரம்பை: நெஃப்ரோலெப்பிஸ் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஓடுதண்டு விட்டுப் பாத்தி முழுக்கப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கினாலும் மண்ணில் தங்கிய கிழங்கு திரும்ப முளைக்கும். கடுங்குளிர் இல்லாத இடத்துக்குச் சிர்டோமியம் ஃபால்கேட்டம் மேல். இலை தோல் மாதிரி தடிப்பு, ஓடிப் பரவாமல் ஒரே கொத்தாக நிற்கும். ரசாயன உரம் போட்டால் பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு மட்டும், அதுவும் ஈர மண்ணில். மிஞ்சினால் நுனி கருகும், அதைத் தண்ணீர்க் குறை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.